தலையெண்ணி அண்ணாச்சியும் உலக அழிவும்

போர் தொடுக்கப் போன இடத்தில் எதிரியின் ஆட்களையும் சேர்த்துப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைத்த தளபதி இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் சாத்தூருக்கும் தாயில்பட்டிக்கும் இடையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் தலையெண்ணி அண்ணாச்சி.

நான் அங்கே முதலுதவி அறையில் நர்ஸாக நான்கு வருடம் இருந்தேன். காலை ஏழு மணிக்கு வேனில் போய் இறங்கி, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணி வேனுக்காகக் காத்திருப்பதுதான் வேலை. கேட்பதற்குச் சொகுசாக இருக்கும். கரிசல்காட்டு வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பத்து மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், களைப்பு என்றால் என்னவென்று தெரியும்.

பட்டாசுக் கம்பெனியை வெளியூர்க்காரர்கள் பெரிய மில் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காட்டுக்குள் சின்னச் சின்ன ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு ரூமிலும் வெடிமருந்து அடைக்க நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் கூடாது என்பது லைசென்ஸில் உள்ள விதி. ஏன் நாலு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏதாவது நடந்தால் நாலோடு போகட்டும் என்பதுதான் அர்த்தம். அண்ணாச்சியின் வேலை அந்த நாலை எண்ணுவது. காலையிலிருந்து ரூம் ரூமாகப் போய், வாசலில் நின்று, விரலை நீட்டி எண்ணுவார். பக்கத்து ரூம் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு காலை உள்ளே வைத்துவிட்டால் போச்சு. "ஏளா, காலு உள்ள வந்துட்டா ஆளு உள்ள வந்த மாதிரிதான். வெளிய எடு" என்பார்.

வேலை நேரத்தோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. டவுன் பஸ்ஸில் ஏறியதும் தலைகளை எண்ணுவார். சீட்டுக்கு மேல் ஆள் இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். அப்படி மூன்று பஸ் மாறி இறங்கி, கடைசியில் சாத்தூருக்கு நடந்தே போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு. தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி மேலே ஏறி, நாலு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை இறக்கிவிட்டார். இறக்கிவிடப்பட்டவர்களில் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருவர். அந்தச் சண்டை ஓய அடுத்த பொங்கல் ஆயிற்று.

கம்பெனி ரூம்களின் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் ஒரே தள்ளில் ஓடுவதற்காக. அண்ணாச்சி சொந்த வீட்டுக்கும் அப்படியே கதவு போட்டார், குளியலறை உட்பட. அவர் வீட்டு நடையில் போகிறவர்கள் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டு போவார்கள். எனக்கு ஒருமுறை அவர் மனைவி காபி கொண்டுவந்தபோது அடுப்படிக் கதவு என் தோளில் இடித்தது. "பழகிரும் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. பழகாது என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் எங்கள் முதலாளியின் மகன் போர் விளையாட்டுக்குக் கூப்பிட்டார்.

முதலாளி மகனை நாங்கள் சின்னவர் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், இருபத்தேழு வயது இருக்கும், நல்ல பிள்ளைதான். பெரியவருக்கு மூட்டு ஆபரேஷன் நடந்து அவர் வீட்டோடு இருந்ததால் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. இந்தக் காட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம், ஆட்கள் எல்லாம் வேனில் போனபிறகு, நாலு செங்கல் கனமுள்ள ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். திறந்து விரித்தால் கட்டில் அளவுக்கு ஒரு அட்டைப் படம், கை நிறைய பிளாஸ்டிக் வீரர்கள், கப்பல்கள், சீட்டுக்கட்டு. இரும்புத் தொப்பி போட்ட வடதேசத்து ஆட்களும் அவர்களுடைய சாமிகளும் சண்டை போடுகிற கதையாம்.

"இது ஆட நாலு பேர் வேணும் சிஸ்டர். ஐந்து மணி வேன் வர்றவரைக்கும் நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றார் சின்னவர். முதலாளி மகன் விளையாடக் கூப்பிட்டால் அது விளையாட்டா வேலையா என்று எந்த நர்ஸிங் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. நான் உட்கார்ந்தேன். மூன்றாவது ஆளாகப் பாக்கியத்தக்கா வந்தாள். கம்பெனி வாசலில் பெண்களின் மடியையும் டிபன் பாக்ஸையும் சோதித்து, செல்போனும் தீப்பெட்டியும் உள்ளே போகாமல் பார்ப்பது அவள் வேலை. நாலாவதாக அண்ணாச்சியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நாலு பேர் என்றதும் அவரும் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். நடுவில் வானம் முட்டும் ஒரு பெரிய மரம். அதைச் சுற்றி எட்டு நாடு. எந்த நாட்டில் யாருக்கு ஆள் அதிகமோ அந்த நாடு அவருக்கு, அதற்குப் பாயிண்ட். மரத்தடியைப் பிடித்தால் இரண்டு மடங்கு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உலக அழிவு வந்து ஒரு நாட்டைத் தீ தின்றுவிடும். எந்த நாடு எரியும் என்று சுற்றின் தொடக்கத்திலேயே சீட்டு எடுத்துச் சொல்லிவிடுவார்கள். அங்கே செத்தவர்கள் ஒற்றைக்கண் சாமியான ஓடினின் மாளிகைக்குப் போய் விருந்து சாப்பிடுவார்கள். செத்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாயிண்ட். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எரியப்போகிற நாட்டுக்குத்தான் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவார்கள்.

சின்னவர் இதை விளக்கி முடித்ததும் அண்ணாச்சி வெகு நேரம் அட்டையைப் பார்த்தார்.

"தீப் பிடிக்கப்போவுதுன்னு முன்னாலயே தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சும் ஆளை உள்ள அனுப்பணும்?"

"ஆமா. செத்தாதான் பாயிண்ட்."

"இதை எந்த இன்ஸ்பெக்டரு பாஸ் பண்ணாரு?" என்றார் அண்ணாச்சி.

பாக்கியத்தக்கா சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. செத்தவர்களுக்கு அன்றைக்கே பந்தி போடுகிறார்கள் என்ற செய்தி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்ல ஊரால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் ஆட்கள் அத்தனை பேரையும் எரிகிற நாட்டுக்கு அனுப்பி முதல் ஆட்டத்தையே ஜெயித்தாள்.

அண்ணாச்சி ஆடிய விதத்தை எப்படிச் சொல்ல? சிவப்பு வீரர்கள் வேண்டாம் என்று நீலத்தை எடுத்துக்கொண்டார். எந்த நாட்டிலும் நாலு பேருக்கு மேல் வைக்கமாட்டார். எதிரில் எட்டுப் பேர் நின்றாலும் இவர் நாலோடுதான் போவார். மரத்தடிக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பமாட்டார், மரத்தடியில் இடி விழும் என்பார். சுத்தியல் பிடித்த இடிச்சாமி தோருடைய சீட்டை யாராவது போட்டால், தன் ஆட்களை எல்லாம் அட்டையின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுவார். கம்பெனியில் இடி முழங்கினால் ரூம்களைக் காலி பண்ணி எல்லோரையும் கேட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். அதே வழக்கம்தான் இங்கேயும். அவருக்குப் பிடித்தது கப்பல் மட்டும், சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதாம். நாலாவது சுற்று வருவதற்குள் அவருடைய மொத்தப் படையும் கடலில் மிதந்துகொண்டிருக்கும்.

தன் ஆட்களோடு விட்டாரா? உலக அழிவு நெருங்கும்போது என் பக்கம் குனிந்து, "சிஸ்டர், உங்க ஆளு ரெண்டு பேரு அங்கன நிக்காக. எடுத்துருங்க" என்பார்.

"அண்ணாச்சி, அவங்க சாகத்தான் நிக்கிறாங்க."

"அவுக வீட்ல கேட்டீகளா?"

ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து. வீட்டில் துவைக்கப் போட்ட யூனிஃபார்ம் கிடக்கும், மறுநாள் சபைக்குப் போகிற சேலை இஸ்திரி போடாமல் கிடக்கும். நான் அந்த அட்டைக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, வேன் ஹாரன் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். அண்ணாச்சி ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. முடிவில் தன் ஆட்களை எண்ணிப் பார்ப்பார், அத்தனை பேரும் உயிரோடு இருப்பார்கள், திருப்தியாகப் பெட்டியில் போட்டு மூடுவார்.

ஆடி மாதம் முடிந்ததும் சீசன் சூடுபிடித்தது. வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது, சின்னவர் தானாகப் பேசிப் பிடித்த முதல் ஆர்டர். அப்பாவிடம் பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரத்தில் செய்ய முடியாத தேதியை ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு புதன்கிழமை முதலுதவி அறை வாசலில் வைத்து அண்ணாச்சியிடம் அதைச் சொன்னார். எனக்கு எல்லாமே காதில் விழுந்தது.

"ஒரு மாசம் மட்டும் அண்ணாச்சி. ரூமுக்கு ஆறு பேர் உட்காரட்டும்."

"நாலு பேருதான்."

"பக்கத்துக் கம்பெனிகள்ல எல்லாம் உட்காரலையா?"

"அங்கன எண்ணுதவன் வேற ஆளு. இங்கன எண்ணுதவன் நான்."

அண்ணாச்சி கையெழுத்துப் போடாமல் வெடிமருந்து ரூமிலிருந்து ஒரு கிலோ மருந்து வெளியே வராது. சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிளாஸ்டிக் பொம்மையைக்கூட ஒரு இடத்துல அஞ்சா வைக்கப் பயப்படுறீங்க. இத்தனை மாசத்துல ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்கீங்களா? உங்களை வச்சுக்கிட்டு நான் எப்படி சீசன் ஓட்ட?" என்றார்.

அண்ணாச்சி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஜெயிச்சுக் காமிச்சா ஆறு பேருங்கற பேச்சை விட்டுருவீகளா?" என்று கேட்டார்.

"விட்டுடறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை என்னை ஜெயிங்க, சீசன் முடியறவரைக்கும் நாலு பேர்தான். தோத்தா?"

"சாவியக் குடுத்துட்டுப் போயிருதேன். வேற ஃபோர்மேன் போட்டுக்கிடுங்க. என் கையால ஆறு பேருக்குக் கையெழுத்து விழாது."

சின்னவர் போனதும் நான் அவரைப் பிடித்து உலுக்காத குறை. ஐம்பத்தாறு வயது, மகள் காலேஜில் கடைசி வருடம் படிக்கிறாள், ஊரில் இருக்கிற ஆட்களின் உயிரை ஒரு அட்டை விளையாட்டில் வைக்கிறீர்களே, புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். "வேற வழி இருந்தா சொல்லுங்க சிஸ்டர். பெரியவரு இப்ப கம்பெனி ஆளு போனை எடுக்க மாட்டாரு. இந்தப் பிள்ளைக்கு வேற எது சொன்னாலும் ஏறாது. எனக்கு ஆடச் சொல்லித் தாங்க" என்றார்.

இப்படியாக என் மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. அந்த ஒன்றரை வாரம், தினமும் அரை மணி நேரம், நோயாளி படுக்கிற கட்டிலில் அட்டையை விரித்து அவருக்கு நான் ஆள் குவிக்கச் சொல்லிக்கொடுத்தேன். நாலு பேரை வைப்பார். ஐந்தாவது ஆளைக் கையில் எடுப்பார். கை அட்டைக்கு மேலே நின்றுவிடும். நெற்றியில் வேர்க்கும். "இருங்க சிஸ்டர், முகத்தைக் கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போவார். முதல் நாள் ஐந்து முறை முகம் கழுவினார், ஐந்தாவது ஆள் அட்டையில் இறங்கவில்லை.

இரண்டாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. ஒரு நீல வீரனைப் பிடித்து மரத்தடிக்கு நகர்த்தச் சொன்னேன். "அதை வேணாம். வேற ஆளை எடுக்கேன். முனீஸ்வரிக்கு இன்னைக்கு மேலுக்கு முடியல" என்றார்.

"எந்த முனீஸ்வரி?"

"ஏழாம் நம்பர் ரூமு முனீஸ்வரி."

மனிதர் அத்தனை பொம்மைகளுக்கும் ஆட்களின் பெயர் வைத்திருந்தார். பெயர் இல்லாமல் எண்ண வராதாம். கோடாலி பிடித்தவன் வேலுத்தாய். கேடயம் உடைந்தவள் ஞானசெல்வி. கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறவன் ராக்கம்மா, அது மட்டும் ரொம்பப் பொருத்தம். அந்த இரும்புத் தொப்பிப் படையில் ஒருத்தி வெள்ளிக்கிழமை வரமாட்டாள், ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தாமதமாகத்தான் வருவாள். இத்தனை மாதமாக அவர் படை ஏன் பாதி பேரோடு சண்டைக்குப் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்கு லீவு.

"அண்ணாச்சி, எனக்கு இதெல்லாம் தாங்காது. பெயரை மறந்துட்டு ஆடுங்க" என்றேன். நிஜமாகவே அன்றைக்கு அழுகை வருகிற அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன்.

"முயற்சி பண்ணுதேன்" என்றார்.

பண்ணினார். அடுத்த புதன்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்தாவது ஆளை வைத்தார். வியாழக்கிழமை ஆறு. அன்றைக்குக் கொண்டுவந்த டிபனை அப்படியே திருப்பி எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு சுற்று ஆடி என்னையே ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

சனிக்கிழமை வந்தது. ஆபீஸில் நாலு பேரும் உட்கார்ந்தோம். பாக்கியத்தக்கா அன்று சிரிக்கவில்லை. பந்தயம் என்னவென்று கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது, மதியம் வேனில் ஏறிய பெண்கள் ஒவ்வொருத்தியும் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள்.

அண்ணாச்சி ஆடினார் பாருங்கள், எனக்கே பயமாக இருந்தது. முதல் சுற்றில் மரத்தடிக்கு ஐந்து பேரை ஏற்றினார். தோர் சீட்டை எடுத்துச் சின்னவர் ஆட்கள் தலையிலேயே போட்டார். சின்னவர் இரண்டு முறை விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், இரண்டு முறையும் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. பாக்கியத்தக்காவும் நானும் எங்கள் ஆட்டத்தை மறந்துவிட்டோம். நாலரை மணிக்குக் கடைசிச் சுற்று. பாயிண்டில் சின்னவர் முன்னே, அண்ணாச்சி பின்னே, வித்தியாசம் ஒன்றுதான்.

எரியப்போகிற நாட்டில் அண்ணாச்சியின் ஆட்கள் ஆறு பேர் நின்றார்கள். சின்னவருக்கு மூன்று பேர், எனக்கு ஒருவர், பாக்கியத்தக்காவுக்கு ஒருவர். மற்ற எல்லோரும் ஆடி முடித்தாயிற்று. அண்ணாச்சியின் கடைசி முறை மட்டும் பாக்கி. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். 'பாஸ்' என்று சொல்லிச் சும்மா இருந்தால் போதும். தீ வரும், அவருக்கு ஆறு பாயிண்ட், சின்னவருக்கு மூன்று, ஆட்டம் அண்ணாச்சிக்கு. இதைச் சின்னவரும் எண்ணிப் பார்த்துவிட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாஸ்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் போயிற்று. முகம் கழுவ எழுந்திருப்பார் என்று பார்த்தேன், எழுந்திருக்கவில்லை.

"பிளாஸ்டிக் பொம்மதான அண்ணாச்சி" என்றாள் பாக்கியத்தக்கா மெதுவாக.

"தெரியுது பாக்கியம்" என்றார்.

சொல்லிவிட்டு ஒரு பொம்மையை எடுத்துப் பக்கத்துக் கப்பலில் வைத்தார். "முனீஸ்வரி." அடுத்ததை எடுத்தார். "வேலுத்தாயி." நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ராக்கம்மா, ஞானசெல்வி, தங்கம், மாரியம்மா என்று ஆறு பேரையும் கப்பலேற்றினார். பிறகு என் ஆளையும் பாக்கியத்தக்கா ஆளையும் எடுத்து வைத்தார். பிறகு சின்னவரின் மூன்று பேரிடம் கை போயிற்று.

"அது என் ஆளுங்க அண்ணாச்சி" என்றார் சின்னவர். "நீங்க அதை எடுக்கக்கூடாது."

"தெரியும். தப்பாட்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரையும் எடுத்து வெளியே வைத்தார். எரிகிற நாடு காலியாக இருந்தது. பாக்கியத்தக்கா பாயிண்டைக் கூட்டினாள். ஒரு பாயிண்டில் சின்னவர் ஜெயித்திருந்தார்.

அண்ணாச்சி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அட்டைமேல் வைத்தார். கோபம் எதுவும் இல்லை, வேலையை ஒப்படைக்கிற ஆள் பேசுகிற மாதிரிதான் பேசினார். "தோத்துட்டேன். திங்கக்கெழமை ரூமுக்கு ரெண்டு பேரு கூட உக்காரணும்லா, அது யாரு யாருன்னு நீங்களே பேரு எழுதி வச்சிருங்க. புதுசா வாரவருக்கு ஆளுகளைத் தெரியாது, முழிப்பாரு" என்றார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். ஒரு வார்த்தை, பாஸ் என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்ல அவரால் ஆகாது என்பது எனக்குத் தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நாங்கள் போய் இறங்கியபோது அண்ணாச்சி வரவில்லை. ஆட்கள் ரூம்களுக்கு வெளியே நின்றார்கள். சின்னவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட உட்காரப் போகிறவர்களின் பெயரைச் சனிக்கிழமையிலிருந்து எழுதிப் பார்க்கிறாராம், ஒன்றும் எழுத வரவில்லை. பாக்கியத்தக்காவைக் கூப்பிட்டார்.

"இந்த வேலுத்தாய் யாரு அக்கா?"

"அந்தா பச்சச் சேலை. வீட்டுக்காரரு தவறிட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

"ஞானசெல்வி?"

"அதுக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க. அடுத்த மாசம் கல்யாணம் தம்பி. உங்களுக்குப் பத்திரிகை வச்சாளே."

"முனீஸ்வரி?"

"ஏழாம் நம்பரு. மாசமா இருக்கா. இன்னும் அவ மாமியாருக்கே சொல்லல. அண்ணாச்சி அவளைத்தான மொதல்ல எடுத்து வச்சாரு, அவருக்கு எப்படித் தெரியும்னு தெரியல."

சின்னவர் பதிவேட்டை மூடினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பதரை மணிக்குத் திரும்பி வந்தபோது பின்னால் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இறங்கினவர் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, முதல் ரூமுக்கு முன்னால் போய் நின்று விரலை நீட்டினார். ஆர்டரில் பாதியைச் சின்னவர் போனிலேயே திருப்பிக் கொடுத்தார். பெரியவர் போட்ட சத்தம், போனைத் தள்ளிப் பிடித்தும் முதலுதவி அறை வரை கேட்டது. சின்னவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாயங்காலம்வரை ஒன்றும் சாப்பிடவில்லை. நான்தான் இரண்டு பிஸ்கட் கொடுத்தேன்.

இதோடு அந்தப் பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். என் ஆசையில் மண். வந்த சனிக்கிழமையே மறுபடி விரித்தார்கள். அண்ணாச்சி மறுபடி நாலு நாலு பேராக வைத்து, எல்லோரையும் கடலில் இறக்கி, சந்தோஷமாகத் தோற்றார். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எனக்கு விருதுநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கம்பெனியை விட்டு வருகிற அன்று, புதிதாக வந்த சிஸ்டரிடம் அலமாரியை ஒப்படைத்தேன். தீக்காயக் களிம்பு, தீக்காயத் துணி எல்லாம் அடுக்கியபடி இருந்தது. "ஒண்ணுகூடப் பிரிக்கலையே அக்கா" என்றாள் அந்தப் பெண். நாலு வருடமும் அப்படித்தான், தேதி முடிந்ததும் பிரிக்காமலே எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி அடுக்குவேன் என்றேன்.

இப்போது தீக்காய வார்டில் இருக்கிறேன். இங்கே எதையும் தேதி முடிகிறவரை வைத்திருக்க வாய்ப்பதில்லை. சீசன் மாதங்களில் ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வரும்போது, எனக்கு அந்த மனுஷரைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். பார்த்தால், அவர் எதிரில் உட்கார்ந்து, மூன்றரை மணி நேரமும் வாய் திறக்காமல், அவர் சொல்கிற இடத்திலிருந்தெல்லாம் என் ஆட்களை எடுத்துக்கொண்டே இருப்பேன்.